இடது பக்கம் இழுக்கும் மெஷின்

என் புத்தக அலமாரியின் பக்கப் பலகையில் ஓர் ஒட்டு இருக்கிறது. உள்ளங்கை நீளம், மூன்று விரல் அகலம். பலகையின் ரேகை மேலிருந்து கீழாக ஓட, ஒட்டின் ரேகை மட்டும் லேசாகச் சாய்ந்து ஓடும். பார்க்கத் தெரிந்தவர்கள் உடனே பார்த்துவிடுவார்கள். மற்றவர்களிடம் நானே காட்டிவிடுவேன், மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

மரத்தில் காடியும் குழியும் வெட்டும் மின்கருவியான பிளஞ்ச் ரவுட்டர் கைக்கு வந்த மூன்றாம் நாள் நடந்தது அது. தட்டு உட்காருவதற்கு 18 மி.மீ. அகலத்தில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்ட வேண்டும். எல்லாம் முறைப்படி செய்வதாகத்தான் நினைப்பு. பலகையை மேசையோடு இறுக்கியாயிற்று. நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைக் காடியின் ஓரமாகக் கிளாம்ப் போட்டாயிற்று. ரவுட்டரின் அடித்தட்டைச் சட்டத்தோடு ஒட்டிவைத்து முன்னால் தள்ளினால் நேராகப் போகாமல் வேறு எங்கே போய்விடும்?

முதல் ஒரு சாண் நூல் பிடித்த மாதிரிப் போனது. அப்புறம் சட்டத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. அது என்ன என்று யோசிப்பதற்குள் காடி இடப்பக்கம் ஒரு விரல் அகலம் ஒதுங்கியிருந்தது. வலப்பக்கம் அழுத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. பயந்துபோய் ஸ்விட்சை அணைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டில் கதவு மாட்ட வந்திருந்த ஒரு மூத்த தச்சரிடம் அந்தப் பலகையைக் காட்டினேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“சட்டத்தை எந்தப் பக்கம் வச்சீங்க தம்பி?”

“வலது பக்கம்ண்ணே.”

“அது இடது பக்கம் ஓடுற மெஷினு. வலது பக்கம் செவுரு கட்டினா யாரு மறிக்கிறது?”

அவ்வளவுதான் சொன்னார், டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ரவுட்டரைப் பற்றி நான் அதுவரை பார்த்திருந்த காணொளிகள் மொத்தமும் சேர்ந்து சொல்லாததை ஒரே வரியில் சொல்லிவிட்டார். இல்லை, அவையும் சொல்லியிருக்கும். விதி எண் நான்கு, விதி எண் ஏழு என்று தனித்தனியாகச் சொன்னதால் என் மண்டையில் ஏறவில்லை. அந்த விதிகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதியின் வெவ்வேறு முகங்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

ஏன் இடது? ரவுட்டர் என்பது தலைகீழாகப் பிடித்த ஒரு மோட்டார். அதன் முனையில் வெட்டும் பிட். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். நீங்கள் மெஷினை முன்னால் தள்ளும்போது, பிட்டின் முன்பக்கம்தான் புதிய மரத்தைக் கடிக்கிறது. அந்த முன்பக்கம் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதாவது பிட் மரத்தை வலப்பக்கமாக அடிக்கிறது. மரம் மேசையோடு கட்டுண்டு கிடக்கிறது, நகராது. அப்போது நகர வேண்டியது மெஷின்தான், அதுவும் எதிர்ப்பக்கமாக. படகில் உட்கார்ந்து கரையைக் கழியால் வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் விலகும் இல்லையா, அதே கணக்கு. நீங்கள் எந்தத் திசையில் தள்ளினாலும், அந்தத் திசைக்கு இடப்பக்கம் ரவுட்டர் ஒதுங்கப் பார்க்கும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கையால் தெரிந்துகொள்வது நல்லது. புதிதாக ரவுட்டர் எடுப்பவருக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான். ஒரு கழிவுப் பலகையை நன்றாக இறுக்குங்கள். 6 மி.மீ. நேர் பிட் மாட்டி, 3 மி.மீ. ஆழம் மட்டும் வைத்து, சட்டம், கைடு எதுவும் இல்லாமல், இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சாண் தூரம் முன்னால் தள்ளுங்கள். கைக்குள் அந்த இழுப்பு தெரியும். திசையை மாற்றித் தள்ளுங்கள், இழுப்பும் கூடவே மாறும். அந்தப் பலகையில் விழும் கோணல் கோடுகளைத் தூக்கிப் போடாமல் ஒருநாள் வைத்துப் பாருங்கள். எல்லாமே தள்ளிய திசைக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

இப்போது விதிகளுக்கு வருவோம். பலகை மேல் கிளாம்ப் போட்ட சட்டம் என்றால், தள்ளும் திசைக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். ரவுட்டர் இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும், சட்டம் மறிக்கும், தானாகவே ஒட்டிக்கொண்டு போகும். இதைப் படித்துவிட்டு நான் அடுத்த தப்பைச் செய்தேன். பெட்டியில் கூடவே வந்திருந்த பக்கக் கைடையும் இடப்பக்கம் மாட்டினேன். இரண்டு கம்பிகளில் நீட்டிக்கொண்டு, பலகையின் விளிம்பை உரசியபடி கூட வருமே, அது. அங்கே கணக்கு தலைகீழ். கைடு மெஷினோடு சேர்ந்து நகர்கிறது. மெஷின் இடப்பக்கம் ஒதுங்கும்போது கைடு பலகையின் விளிம்பில் போய் அழுந்த வேண்டுமானால், அது பலகையின் வலது விளிம்பைப் பற்றியிருக்க வேண்டும். இடப்பக்கம் மாட்டினால் கைடு விளிம்பை விட்டு விலகிப் போகும். சட்டம் இடது, கைடு வலது என்று மனப்பாடம் செய்தால் ஒருநாள் மாறிவிடும். மெஷின் எங்கே ஓடப் பார்க்கிறது, அதை எது மறிக்கிறது என்று கேட்டுக்கொண்டால் மாறாது. நான் நம்பிக்கை போதாமல் அடித்தட்டின் மேல் மார்க்கரால் ஓர் அம்புக்குறியும் போட்டு வைத்தேன்.

விளிம்பு வேலைக்கும் இதுவேதான். மேசைப் பலகையின் ஓரத்தை மழுக்க, நுனியில் பேரிங் வைத்த வளைவு பிட் போடுகிறோம். பேரிங் விளிம்பை உரசிக்கொண்டே போக வேண்டும். ஆகவே மரம் எப்போதும் உங்கள் போக்குக்கு இடக்கைப் பக்கம் இருக்கட்டும். அப்போது இழுப்பு பேரிங்கை மரத்தோடு சேர்த்தே வைக்கும். பலகையின் வெளி விளிம்பைச் சுற்றி வரும்போது இது கடிகாரத்துக்கு எதிர்த் திசையாக அமையும். சட்டகத்தின் உள்விளிம்பு என்றால் கடிகாரத் திசை. புத்தகங்களில் இரண்டு தனி விதிகளாகப் போட்டிருப்பார்கள். மரம் இடது கைப்பக்கம் என்ற ஒன்றை நினைவில் வைத்தால் இரண்டும் கிடைத்துவிடும்.

எதிர்த் திசையில் போனால் என்ன ஆகும்? பிட் மரத்தின் மேல் சக்கரம் போல உருண்டு ஏறி, மெஷினைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். மரம் சிராய் சிராயாகப் பெயரும் இடங்களில், கை தேர்ந்தவர்கள் வேண்டுமென்றே மிக மெல்லிய சீவலாக இப்படி எடுப்பதுண்டு. முதல் வருடம் அந்தப் பக்கமே போக வேண்டாம். சிராய் பெயராமல் இருக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. செவ்வகப் பலகையில் ரேகைக்குக் குறுக்கே ஓடும் இரண்டு முனைகளை முதலில் முடியுங்கள். மூலையில் கொஞ்சம் பெயர்ந்தாலும், ரேகையோடு ஓடும் நீள விளிம்பை அப்புறம் எடுக்கும்போது அது சேர்ந்து போய்விடும்.

பிளஞ்ச் என்ற பெயருக்கு வருகிறேன். சாதாரண ரவுட்டரில் பிட் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதே ஆழத்தில்தான் வேலை. பிளஞ்ச் ரவுட்டரில் மோட்டார் இரண்டு தூண்களின் மேல், ஸ்பிரிங்குகளின் தாங்கலில் உட்கார்ந்திருக்கும். அழுத்தினால் இறங்கும், விட்டால் எழும், நெம்புகோலைத் திருப்பினால் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். பலகையின் நடுவில், விளிம்பைத் தொடாமல், ஓடும் பிட்டை இறக்கி வெட்டி, மறுபடி தூக்கிவிடலாம். ஆங்கிலம் பேசும் தச்சர்களிடம் இதே வேலைக்கு முன்பு ஒரு கைக்கருவி இருந்தது. மரக்கட்டையின் நடுவே ஒற்றை உளி துருத்திக்கொண்டிருக்கும், காடியின் அடித்தளத்தைச் சமமாகச் சுரண்டும். கிழவியின் பல் என்று அதற்குப் பெயர். அந்தப் பல்லுக்கு மோட்டார் வைத்தால் நம்முடைய மெஷின்.

ஆழம் வைக்கும் விதம் பார்க்கச் சிக்கலாக இருக்கும், ஆனால் ரவுட்டரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். மோட்டாரின் பக்கத்தில் ஒரு கம்பி தொங்கும். அதற்கு நேர் கீழே அடித்தட்டில் ஒரு சிறு வட்டு, அதன் மேல் வெவ்வேறு உயரத்தில் மூன்று படிகள். மோட்டார் இறங்கும்போது கம்பி படியில் இடித்து நிற்கும். அவ்வளவுதான் மொத்த சூத்திரமும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அளவுகோலை நான் நம்புவதில்லை, அதன் கோடுகள் என் கண்ணுக்குப் போதவில்லை. வேறு ஒரு வழி வைத்திருக்கிறேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினைப் பலகை மேல் நிறுத்தி, பிட்டின் நுனி மரத்தைத் தொடும்வரை இறக்கிப் பூட்டுகிறேன். வட்டைத் திருப்பி, எல்லாவற்றிலும் தாழ்ந்த படியைக் கம்பிக்குக் கீழே கொண்டுவருகிறேன். 6 மி.மீ. ஆழம் வேண்டும் என்றால், 6 மி.மீ. டிரில் பிட் ஒன்றை எடுத்து, அதன் வழவழப்பான அடிப்பகுதியை அந்தப் படியின் மேல் படுக்க வைக்கிறேன். கம்பியை அதன் மேல் தொடும்வரை இறக்கித் திருகை இறுக்குகிறேன். டிரில் பிட்டை உருவி எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் இடைவெளி 6 மி.மீ., இனிமேல் பிட் மரத்துக்குள் இறங்கப்போவதும் அதே 6 மி.மீ. கண்ணால் அளவு படிக்கும் வேலையே இல்லை. ஒரு கழிவுத் துண்டில் வெட்டி, ஆழத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் நல்ல பலகைக்குப் போவேன்.

மேலே உள்ள இரண்டு படிகளும் பொறுமைக்காக வைத்தவை. முதல் ஓட்டத்தை உயரமான படியில் வைத்து மேலோட்டமாக எடுத்து, அடுத்த படி, கடைசியாகத் தாழ்ந்த படி. ஒரே ஓட்டத்தில் எவ்வளவு ஆழம் என்று கேட்டால், சின்ன பிட்டுகளுக்கு அதன் விட்டத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். 6 மி.மீ. பிட்டுக்கு 3 மி.மீ. பிட் பெரிதானாலும் ஒரே மூச்சில் 5 மி.மீ.-க்கு மேல் நான் போவதில்லை. ஆழம் கூடக் கூட அந்த இடப்பக்க இழுப்பும் கூடும். என் மூன்றாம் நாள் விபத்தில் சட்டம் மட்டுமே குற்றவாளி இல்லை. 18 மி.மீ. பிட்டை 6 மி.மீ. ஆழத்துக்கு ஒரே இறக்காக இறக்கியிருந்தேன்.

பிட் மாட்டுவது பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் இரண்டாவது பலகை கெட்டது அங்கேதான். நேராக வெட்டி முடித்து, அளந்து பார்த்தால் காடியின் ஆரம்பத்தில் 6, முடிவில் 8. கம்பி அசையவில்லை, பூட்டும் தளரவில்லை. பிட்தான் காலெட்டிலிருந்து வழுக்கிக் கீழே இறங்கியிருக்கிறது. காலெட் என்பது பிட்டின் காம்பைச் சுற்றிப் பிடிக்கும், பிளவுகள் விட்ட உலோகக் குழல். அதற்குள் தூளும் பிசினும் இருந்தால் பிடிப்பு பாதிதான். இப்போதெல்லாம் பிட் மாட்டுமுன் காம்பைத் துணியால் துடைத்து, காலெட்டுக்குள் ஊதிவிட்டுத்தான் மாட்டுகிறேன். காம்பை அடிமுட்டச் செருகி, பிறகு 2, 3 மி.மீ. வெளியே இழுத்துவிட்டு இறுக்க வேண்டும். இறுக்கும்போது காலெட் காம்பைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். ஏற்கெனவே முட்டி நின்றால் அது சரியாகக் கவ்வாது. இன்னொன்று, பிட் இல்லாமல் வெறும் காலெட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது, நசுங்கிவிடும்.

கழற்றும்போது ஒரு வேடிக்கை. நட்டு ஒரு சுற்றுத் தளர்ந்து, மறுபடி இறுகும். மரை கெட்டுவிட்டது என்று நினைத்து நான் அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல மெஷின்களில் அப்படித்தான் அமைப்பே. இரண்டாவது முறை ஸ்பேனர் போட்டுத் திருப்பினால்தான் காலெட் பிட்டை விடும்.

அளவிலும் ஏமாறக் கூடாது. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. கால் அங்குலக் காலெட்டில் 6 மி.மீ. காம்பு தாராளமாக நுழையும், இறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும். நிமிடத்துக்கு 20,000 சுற்றில் அந்த மாதிரியை நம்ப முடியாது. அரை அங்குலத்துக்கும் 12 மி.மீ.-க்கும் இடையில் 0.7 மி.மீ. வித்தியாசம்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 6 மி.மீ. பிட் 24,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 7.5 மீட்டர் போகிறது, சைக்கிளை வேகமாக மிதிக்கிற அளவு. அதே சுற்றில் 50 மி.மீ. பிட்டைப் போட்டால் நொடிக்கு 63 மீட்டர். மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல், கையில் பிடித்த மெஷினின் அடியில். பெரிய பிட்டுக்கு வேகத்தைப் பாதியாகக் குறை என்று ஏன் சொல்கிறார்கள் என்று அதன் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. பல பிட்டுகளின் காம்பிலேயே உச்ச வேகம் பொறித்திருக்கும். அதைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

கை வேகம் வேறு விஷயம். பயந்துகொண்டு மெதுவாகப் போனால் மரம் கருகும், வாசனையே காட்டிக்கொடுக்கும். பிட் ஒரே இடத்தில் நின்று வெட்டாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கீழே விழுவதைப் பாருங்கள். சின்னச் சின்னச் சீவலாக வந்தால் நல்ல வேகம், மாவாகக் கொட்டினால் மெதுவாகப் போகிறீர்கள். மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மட்டும் எப்படி வெட்டினாலும் மாவுதான், அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். அங்கே சத்தத்தைக் கேட்க வேண்டும். மோட்டார் முனகினால் அதிகம் தள்ளுகிறீர்கள், சும்மா சுற்றுவது போலவே பாடினால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம்.

முப்பது பிட் அடங்கிய பெட்டியை வாங்காதீர்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, அதில் இருபத்துநான்கு இன்னும் மெழுகு கலையாமல் கிடக்கின்றன. 6, 12 மி.மீ. நேர் பிட்டுகள், பேரிங் வைத்த ஒரு வளைவு பிட், மாதிரியாக வெட்டிவைத்த பலகையின் வடிவத்தை நகலெடுக்கப் பேரிங் வைத்த ஒரு நேர் பிட். கார்பைடு முனை உள்ளதாக நல்ல தரத்தில் இந்த நான்கு இருந்தால் முதல் வருடம் ஓடிவிடும்.

காதுக்கும் கண்ணுக்கும் கவசம் இல்லாமல் ஸ்விட்சைத் தொடுவதில்லை. கையுறை போடக் கூடாது, சுற்றும் பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். பிட்டைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்குவது பல் தேய்ப்பது மாதிரிப் பழகிவிட வேண்டும். தூள்தான் பலரும் அலட்சியப்படுத்துவது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் மரத்தூளை 1995-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சேர்த்துவிட்டது. தூள் உறிஞ்சும் குழாயை மாட்டிக்கொள்ளுங்கள், முகக்கவசமும் போடுங்கள்.

இந்த மெஷினின் நிஜமான சுகம், கழுந்து, அதாவது மூட்டுக்காகக் கட்டையின் முனையில் விட்ட நாக்கு, நுழையும் குழி வெட்டும்போதுதான் தெரியும். நாற்காலிக் காலில் 8 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளம், 25 மி.மீ. ஆழத்தில் ஒரு குழி. உளியும் சுத்தியலுமாக நான் ஒன்று தோண்டுவதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விடும். இப்போது இரண்டு முனைகளிலும் பிட்டை நேராக இறக்கித் துளை போடுகிறேன், நடுவே இன்னும் சில துளைகள், பிறகு மிச்சத்தைப் படிப்படியாக ஓட்டி எடுக்கிறேன். கால் ஒல்லியாக இருப்பதால் மெஷின் ஆடும். இரண்டு பக்கமும் அதே உயரக் கட்டைகளைச் சேர்த்து இறுக்கிவிட்டால் அடித்தட்டுக்குத் தரை கிடைத்துவிடும். குழியின் முனைகள் வட்டமாக இருக்கும். உளியால் சதுரமாக்கலாம், அல்லது கழுந்தின் ஓரங்களை உருட்டிவிடலாம். நான் உருட்டுகிறவன்.

அந்த ஒட்டுக்கு வருகிறேன். கோணல் காடியை அப்படியே விட மனம் வரவில்லை, பலகையைத் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. கோணலாகிப் போன பகுதியை மட்டும் உள்ளடக்கி, 45 மி.மீ. அகலத்துக்கு, காடியைவிட 3 மி.மீ. ஆழமாக ஒரு பள்ளம் வெட்டினேன். இரண்டு பக்கமும் சட்டம் கட்டி, மூன்று ஓட்டமாக. பிட் விட்டுவைத்த மூலைகளை உளியால் சதுரமாக்கி, அதே மரத்தில் ஒரு துண்டை இழைத்து, பசை போட்டு அழுத்தி, இரவு முழுக்கக் கிளாம்பில் வைத்தேன். காலையில் இழைப்புளியால் மட்டம் பண்ணியபோதுதான் ரேகை சாய்ந்திருப்பதைக் கவனித்தேன். ஒட்டுமுன் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அதன் மேலேயே, அதே இடத்தில், அதே 18 மி.மீ. பிட்டால் காடியை மறுபடி வெட்டினேன். சட்டம் இந்த முறை இடப்பக்கம். முதல் ஓட்டம் 2 மி.மீ. மெஷின் சட்டத்தில் சாய்ந்துகொண்டு போனது, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்ததில் கழுத்துதான் வலித்தது. தட்டைச் செருகினேன். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது.